நாலு நிமிடத்தில் காணாமல் போகும் ரிப் ரூட்: உதவி தேவை

புதுரூட்டர்:
வணக்கம். இரண்டு டெபியன் லினக்ஸ் மெஷின்களில் எஃப்ஆர்ஆர் (மெஷினை ரூட்டராக்கும் மென்பொருள்) போட்டு ரிப் (ரூட்டர்கள் தங்களுக்குள் வழிகளைச் சொல்லிக்கொள்ளும் முறை) பதிப்பு 2 பழகிக்கொண்டிருக்கிறேன். என் மெஷினை ரீபூட் செய்தால் 192.168.40.0/24 நெட்வொர்க்குக்கான ரூட் (போகும் வழி) உடனே வருகிறது, பிங்கும் போகிறது. நாலு நிமிடம் கழித்து கெர்னல் டேபிளில் (பாக்கெட்டை அனுப்ப லினக்ஸ் பார்க்கும் பட்டியல்) அது இல்லை. ஆனால் 'ஷோ ஐபி ரிப்' அடித்தால் அதே ரூட் மெட்ரிக் (தூர எண்) 16 என்று உட்கார்ந்திருக்கிறது. ரிப் டீமனை (பின்னணியில் ஓடும் நிரல்) மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் ரூட் வருவதே இல்லை. டிசிபிடம்ப்பில் (வந்துபோகும் பாக்கெட்டைக் காட்டும் கருவி) பார்த்தால் எதிர்ப்பக்க அப்டேட் 30 நொடிக்கொரு முறை ஒழுங்காக வருகிறது. இரண்டு ராத்திரி போச்சு.

வேலைமுடி:
ஸ்டாட்டிக் ரூட் ஒன்றைப் போட்டுவிட்டுத் தூங்குங்க.

பழையயூனிக்ஸ்:
தூங்கலாம், நோய் அப்படியே இருக்கும். எஃப்ஆர்ஆரின் ஐபி ரூட் கட்டளையில் கையால் போட்டதற்கு டிஸ்டன்ஸ் (முன்னுரிமை எண், குறைந்ததே ஜெயிக்கும்) 1, ரிப்புக்கு 120. அப்புறம் ரிப் சரியானாலும் கையால் போட்டதே ஜெயிக்கும்.

தம்பி, டேபிள் ஒன்றல்ல. ரிப் டீமன் தனக்கென ஒன்று வைத்திருக்கும். அதில் தேறியதை எஃப்ஆர்ஆரின் இன்னொரு டீமனான ஜீப்ராவிடம் கொடுக்கும், ஜீப்ராதான் கெர்னலில் எழுதும். 180 நொடி அப்டேட் வராவிட்டால் டீமன் மெட்ரிக்கை 16 ஆக்கும். ரிப்பில் 16 என்றால் போய்ச்சேர முடியாது என்று அர்த்தம். கெர்னலில் இருந்து ரூட் அப்போதே எடுபடும். டீமனின் டேபிளில் மட்டும் இன்னும் 120 நொடி கிடக்கும், செத்த செய்தியை அக்கம்பக்கத்துக்குச் சொல்ல. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

ஆக, டீமன் காதுக்கு எதுவும் எட்டவில்லை. டிசிபிடம்ப்பை இதில் நம்பாதீர்கள். உள்ளே வரும் பாக்கெட்டை அது ஃபயர்வாலுக்கு முன்னாலேயே பார்த்துவிடும். பூட் ஆன பிறகு தாமதமாக ஓடுகிற ஃபயர்வால் ஸ்கிரிப்ட் ஏதாவது இருக்கிறதா? எதிர் ரூட்டரில் உங்கள் ரூட் இருக்கிறதா?

புதுரூட்டர்:
அட! க்ரானில் (நேரம் வைத்து வேலைகளை ஓட்டுவது) ஒன்று இருக்கிறது அண்ணா, பூட் ஆகி 1 நிமிடம் கழித்து ஓடும். எதிர் ரூட்டரில் என் ரூட் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஸ்கிரிப்டில் 'எஸ்டாப்ளிஷ்ட்' அனுமதி (நாம் தொடங்கிய பேச்சுக்கு வரும் பதிலை உள்ளே விடும் விதி) இருக்கிறதே?

பழையயூனிக்ஸ்:
அது இங்கே உதவாது. நீங்கள் கேட்பது 224.0.0.9 என்ற மல்டிகாஸ்ட் (குழு) முகவரியில், பதில் வருவது பக்கத்து ரூட்டரின் சொந்த முகவரியில் இருந்து. இரண்டையும் ஒரே பேச்சாக ஃபயர்வால் சேர்த்துப் பார்க்காது. வெளியே போவதைத் தடுக்காததால் எதிர்ப்பக்கம் நன்றாக இருக்கிறது. ரிப் வரும் போர்ட்டான யுடிபி 520-ஐ அந்த இன்டர்ஃபேஸில், அந்த ரூட்டர் முகவரியில் இருந்து வருவதற்கு மட்டும் திறங்கள். எல்லோருக்கும் திறந்தால் யார் வேண்டுமானாலும் பொய் ரூட் அனுப்பலாம். அனுப்புவது உண்மையான ரூட்டர்தானா என்று சரிபார்க்க எம்டி5 கடவுச்சொல்லும் போட்டுவிடுங்கள்.

புதுரூட்டர்:
ஒரே வரி சேர்த்தேன், ரூட் வந்துவிட்டது. அரை மணி நேரமாகப் பார்க்கிறேன்: ரூட்டின் 180 நொடி டைமர் இரண்டேகால் நிமிடத்துக்குக் கீழே இறங்குவதற்குள் மறுபடி 03:00-க்கு ஏறிவிடுகிறது. எம்டி5 நாளைக்கு. நன்றி அண்ணா.