பைன் மரத்தின் மரபணுவில் கை வைக்கலாமா?

செங்காடன்:
வட அமெரிக்காவின் உயர்மலைகளில் வளரும் வெண்பட்டை பைனை, அழியும் ஆபத்தை நெருங்கும் இனம் என்று அமெரிக்க அரசு 2022 டிசம்பரில் அறிவித்தது. முதன்மையான காரணம் கொப்புளத் துரு நோய். குரோனார்ட்டியம் ரிபிகோலா என்ற பூஞ்சையால் வருவது. ஆசியாவில் தோன்றிய இந்தப் பூஞ்சை, 1910-இல் பிரான்சிலிருந்து வான்கூவருக்குக் கப்பலில் வந்த நாற்றுகளோடு மேற்குக் கரையில் இறங்கியது. ஊசியிலையில் உள்ள துளை வழியாக நுழைந்து, கிளைக்கும் தண்டுக்கும் பரவி, பட்டையைக் கொப்புளமாக வெடிக்க வைக்கும். தண்டைச் சுற்றி வளைத்துவிட்டால் அதற்கு மேல் உள்ளதெல்லாம் காய்ந்துவிடும்.

இது இயற்கையாக வந்த நோய் இல்லை. மனிதர்கள் கொண்டுபோய் விட்டது. அதே மனிதர்களிடம் இன்று மரபணுவைத் திருத்தும் கருவி இருக்கிறது. 2021-இலேயே ரேடியாட்டா பைன் என்ற இன்னொரு பைன் இனத்தில் கிரிஸ்பர் என்ற அந்தக் கருவி வேலை செய்யும் என்று காட்டிவிட்டார்கள். இனியும் தயங்குவது தவறு என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

அடவி:
நோய் கொடியது, அதில் எனக்கு மறுப்பே இல்லை. மருந்தில்தான் மறுப்பு.

இதே நோய் தாக்கும் சர்க்கரை பைனில் இயற்கையாகவே சிஆர்1 என்றொரு மரபணு சில மரங்களுக்கு உண்டு. 1970-இல் கண்டுபிடித்தார்கள். அது இருந்தால் பூஞ்சை ஊசியிலையைத் தாண்டாது. நம்பிக்கையோடு அந்த மரங்களை நட்டார்கள். சில ஆண்டுகளிலேயே கலிபோர்னியாவின் ஹேப்பி கேம்ப் பகுதியில் அந்த மரங்களும் நோயில் விழுந்தன. சிஆர்1-ஐத் தாண்டத் தெரிந்த பூஞ்சை வகை ஒன்று உருவாகியிருந்தது. மேற்கத்திய வெள்ளைப் பைனின் சிஆர்2 மரபணுவுக்கும் ஆரிகனில் இதே கதிதான்.

ஆய்வகத்தில் செருகும் ஒற்றை மரபணுவுக்கு மட்டும் பூஞ்சை பணிந்துபோகுமா? நெல்லிலோ கோதுமையிலோ எதிர்ப்பு உடைந்தால் அடுத்த பருவத்துக்கு வேறு விதை போடலாம். வெண்பட்டை பைன் ஆயிரம் ஆண்டு நிற்கக்கூடிய மரம். நட்டபின் விதை மாற்ற வழியில்லை.

செங்காடன்:
அடவி, அது ஒற்றை மரபணுவுக்கு எதிரான வாதம், தொழில்நுட்பத்துக்கு எதிரானது இல்லை. வெவ்வேறு வழியில் வேலை செய்யும் 3, 4 மரபணுக்களை ஒரே மரத்தில் அடுக்கினால், பூஞ்சை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தாண்ட வேண்டும். அது மிகக் கடினம். இனக்கலப்பில் இதைச் செய்யப் போனால், வெண்பட்டை பைன், விதை தரும் முதல் கூம்பு விடவே 20, 30 ஆண்டு ஆகும். நான்கு தலைமுறை கலக்க ஒரு நூற்றாண்டு போய்விடும்.

நாற்றுமேடை:
நான் பல ஆண்டுகள் ஊசியிலை மர நாற்றங்காலில் வேலை பார்த்தவள். இருவரும் ஒரு நடைமுறைச் சிக்கலைத் தொடவில்லை.

முதலில், இப்போது நடக்கும் வேலையைச் சொல்கிறேன். ஆரிகனில் டொரீனா என்ற இடத்தில் 1966-இலிருந்து ஒரு மரபியல் மையம் இயங்குகிறது. நோய் தாக்கிய காட்டில் தப்பி நிற்கும் மரங்களில் விதை எடுத்து நாற்றாக்குகிறார்கள். இந்தப் பூஞ்சை பைனிலிருந்து நேராக இன்னொரு பைனுக்குத் தாவாது. நடுவில் பெரும்பாலும் கரண்ட், கூஸ்பெர்ரி என்ற பழப்புதர் இனச் செடிகளில் தங்கித்தான் திரும்பி வரும். அதனால் நோய் பிடித்த அந்தச் செடியின் இலைகளை நாற்றுகளுக்கு மேலே பரப்பி, அறை முழுக்க ஈரப்புகை விட்டு, வித்துகள் ஊசிகள்மேல் விழச் செய்கிறார்கள். அப்புறம் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து எது பிழைக்கிறது என்று பார்க்கிறார்கள். நோயை அறவே தடுக்கும் நாற்றுகள் சில கிடைக்கும். நோய் வந்தும் பட்டைப் புண் ஆறி, வளர்ந்துகொண்டே இருக்கும் நாற்றுகளும் கிடைக்கும். எனக்கு இரண்டாவது வகைமேல்தான் மதிப்பு அதிகம். பல சிறு மரபணுக்கள் சேர்ந்து தரும் எதிர்ப்பு அது. பூஞ்சையால் ஒரே தாவலில் தாண்ட முடியாது.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். ஊசியிலை மரங்களில் மரபணுவைச் செருகப் பெரும்பாலும் முதிராத விதையின் கருத்திசுவைத்தான் வளர்க்கிறார்கள். நோயைத் தாங்குவதைக் காட்டில் நிரூபித்துக் காட்டிய கிழட்டு மரத்தின் திசுவை அப்படி வளர்ப்பது மிகவும் கடினம். ஆக, கையில் கிடைப்பது சில விதைகளின் வழி வந்த சில வரிசைகள், அதாவது ஒரே மூலத்திலிருந்து பெருக்கிய நாற்றுக் கூட்டங்கள். அதை மட்டும் மலை முழுக்க நட முடியாது. ஒவ்வொரு மலையின் குளிருக்கும் வறட்சிக்கும் பழகிய மரங்களோடு கலக்க வேண்டும். அதாவது மறுபடியும் கூம்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். செங்காடன் சொன்ன நூற்றாண்டில் ஒரு பகுதி மிச்சமாகும், முழுவதும் ஆகாது.

செங்காடன்:
இதை நான் கணக்கில் எடுக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருகல் நோயில் வீழ்ந்த அமெரிக்கச் செஸ்ட்நட் மரத்தில் திட்டமே அதுதானே? கருகல் நோய்ப் பூஞ்சை விடும் ஆக்சாலிக் அமிலத்தைச் சிதைக்கும் கோதுமை மரபணுவைச் செருகி, அந்த மகரந்தத்தைக் காட்டு மரங்களோடு கலப்பது.

அடவி:
அங்கே நடந்ததையும் சொல்லுங்கள். மரபணு செருகிய டார்லிங் 58 என்ற வரிசை என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் கலந்தவை, உண்மையில் டார்லிங் 54. 2023-இல்தான் தெரியவந்தது. அந்த மரத்தை மீட்கப் பாடுபடும் செஸ்ட்நட் அறக்கட்டளையே ஆதரவை விலக்கிக்கொண்டது. யாரையும் குற்றம் சொல்லவில்லை. மரத்தில் தவறு இவ்வளவு தாமதமாகத்தான் வெளியே வரும் என்கிறேன். அதற்குள் மகரந்தம் எங்கே போயிருக்கும்? லோப்லோலி பைனின் மகரந்தம் 40 கிலோமீட்டர் தாண்டியும் முளைக்கும் உயிரோடு இருந்ததை அளந்திருக்கிறார்கள்.

கூம்பன்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இங்கே இரண்டு விஷயங்கள் கலக்கின்றன. நியூசிலாந்தில் ரேடியாட்டா பைன் வணிகத் தோட்ட மரம். அங்கே ஊசியிலை மரங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறிப் புல்வெளிகளை விழுங்குவதே பெரிய தொல்லை. அதனால் மலட்டு மரம் உருவாக்கப் பார்க்கிறார்கள். வெண்பட்டை பைனில் நோக்கம் நேர் எதிர், எதிர்ப்புத்திறன் காடெங்கும் பரவ வேண்டும். முதலாவதில் மகரந்தப் பரவல் குற்றம், இரண்டாவதில் அதுவே பயன்.

அடவி:
சரி, அந்த வேறுபாட்டை ஏற்கிறேன். அப்படியானால் பரவுவது எந்த மரபணு என்பதுதான் என் கேள்வி. வேறு இனத்து மரபணு என்றால் என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. சர்க்கரை பைனிலோ வெண்பட்டை பைனிலோ ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பு மரபணுவை, அதே இனத்துக்குள் மாற்றி வைப்பதென்றால் யோசிப்பேன்.

செங்காடன்:
அதைத்தான் நானும் விரும்புகிறேன். தடை, அந்த மரபணுக்களைத் தேடிப் பிடிப்பதில் இருக்கிறது. சர்க்கரை பைனின் மரபணுத்தொகுதி 3,100 கோடி எழுத்து நீளம், மனிதனுடையதைப் போல 10 மடங்கு. பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். 2016-இல் வரிசைப்படுத்தி வெளியிட்டார்கள் என்பதால்தான் இந்தப் பேச்சே சாத்தியம்.

நாற்றுமேடை:
அப்படி ஒரு நாற்று வந்தால், மற்ற நாற்றுகளுக்கு வைக்கும் அதே சோதனையை அதற்கும் வைக்க வேண்டும். சிஆர்1-ஐத் தாண்டிய பூஞ்சை வகையையும் சேர்த்தே அதன்மேல் விட வேண்டும். அதுவரை, தேறிய விதை கையில் இருக்கும்போது ஒவ்வொரு ஆண்டும் நட்டாக வேண்டும். வெண்பட்டை பைனின் விதையைக் கிளார்க் நட்கிராக்கர் பறவைதான் மண்ணில் புதைத்துப் பரப்புகிறது. கூம்பு குறைந்துபோன மலைக்கு அது வருவதை நிறுத்திவிடும். அப்புறம் எந்த மரபணுவைக் கொண்டுவந்தாலும் பரப்ப ஆள் இருக்காது.