டுசென் உள்ள மகன் நுனிக்காலில் நிற்கிறான், திருத்தவா விடவா?

கோப்பாய் அம்மா:
மகனுக்கு 7 வயது. டுசென் தசைச்சிதைவு, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை போகிறது. இப்போது நுனிக்காலில்தான் நடக்கிறான், நிற்கும்போது வயிறு முன்னே, தோள் பின்னே. அப்பம்மா நாள் முழுக்க "நேராய் நில்லடா, குதியை ஊன்று" என்கிறா, பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் அதையே சொல்கிறாராம். ஆனால் குதியை ஊன்றி நிமிர்த்திவிட்டால் முழங்கால் மடிந்து விழுகிறான். பக்கத்தால் ஓடுகிற பிள்ளை லேசாய் முட்டினாலும் விழுகிறான். படி ஏறி இறங்கப் பழக்கினால் கால் உரம் வைக்கும் என்று மாமா ஒருவர் நிற்கிறார். செய்யலாமா?

பிசியோ அக்கா:
தங்கச்சி, அந்த நிலையைத் திருத்த வேண்டாம், அதில்தான் அவன் விழாமல் நிற்கிறான். இந்த நோயில் இடுப்புத் தசையும் தொடையின் முன்தசையும் முந்திப் பலம் இழக்கும். இடுப்பை நிமிர்த்திப் பிடிக்கத் தசை போதாததால், உடற்பாரம் இடுப்பு மூட்டுக்குப் பின்னால் இறங்கும்படி தோளைச் சாய்க்கிறான். அதே பாரம் முழங்காலுக்கு முன்னால் இறங்கினால்தான் முழங்கால் மடியாது, அதற்குத்தான் நுனிக்கால். மற்றப் பிள்ளைகள் முட்டுப்பட்டால் சட்டென்று ஒரு அடி எடுத்து வைத்துச் சமாளிப்பார்கள், இவனால் அவ்வளவு வேகமாகக் கால் எடுக்க முடியாது.

அதற்காகக் குதிநாணை இறுக விட்டுவிடுவதும் இல்லை. தினமும் மெதுவாக இழுத்துவிட வேண்டும், இரவில் கணுக்காலை அசையாமல் பிடிக்கிற ஸ்பிளின்ட் கட்ட வேண்டும். நடக்கிற நேரத்தில் விறைப்பான ஸ்பிளின்ட் போட்டால் முழங்காலைப் பூட்டுகிற வழி போய்விடும்.

மாமாவிடம் சொல்லுங்கள், படி இறங்கும்போது தசை பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது, டிஸ்ட்ரோபின் என்ற, தசையைக் காக்கிற புரதம் இல்லாத இவனுடைய தசை அதில்தான் கூடச் சேதப்படும். துள்ளி விளையாடுவதும் அப்படித்தான். சமதரையில் நடக்கட்டும், தண்ணீரில் விளையாடட்டும், களைக்க முதல் நிறுத்துங்கள். மறுநாள் தசை நொந்தாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ அளவு மிஞ்சிவிட்டது, உடனே டொக்டரிடம் காட்ட வேண்டும்.

சுன்னாகம் அப்பா:
என்னுடைய மகன் பெரியவன், இப்போது வீல்செயரில். நடந்த காலத்தில் எங்களுக்குக் கரைச்சல் கொடுத்தது கிணற்றடிப் பாசியும் நல்லூர் வீதி மணலும்தான், திருவிழாச் சனத்துக்குள் நடக்க விடவே மாட்டேன், தூக்கிக்கொண்டுதான் போவேன், ஆட்கள் பார்த்தால் பார்க்கட்டும். கீரிமலைக் கேணிக்குள் மார்பளவு தண்ணீரில் நான் பிடித்துக்கொள்ள நடந்தான், நல்ல சந்தோஷம். ஆனால் அந்தப் படிகள் வழுக்கும், இறக்கி ஏற்றுவது உங்கள் வேலை. பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை நேரம் வரிசையின் ஓரத்தில், சுவர்ப் பக்கமாய் நிற்க விடச் சொல்லுங்கள். இடைவேளைக்கு எல்லாரும் ஓடி முடிந்த பிறகு வெளியே வரட்டும்.

கோப்பாய் அம்மா:
நன்றி அக்கா, அண்ணா. அடுத்த வருடம் வகுப்பு மேல்மாடிக்குப் போகிறது. அதோடு குளிசையால் முகம் ஊதிவிட்டது, நிறுத்தச் சொல்லி வீட்டில் ஒரே சத்தம்.

பிசியோ அக்கா:
வகுப்பைக் கீழே மாற்றச் சொல்லி டொக்டரிடம் கடிதம் வாங்கி அதிபரிடம் இப்பவே கொடுங்கள், தவணை தொடங்கிய பிறகு கேட்டால் இழுபடும். குளிசையை நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது, அது ஆபத்து. நடக்கிற காலத்தை நீட்டுவதும் அதுதான். ஆனால் எலும்பைப் பலவீனமாக்கும், அதனால் விழுந்த பிறகு முதுகு நோகிறது என்றால் விடாமல் எக்ஸ்ரே கேளுங்கள். கால் முறிந்து நீண்ட நாள் படுக்கையில் கிடந்தால் சில பிள்ளைகள் திரும்ப நடப்பதில்லை.

சுன்னாகம் அப்பா:
ஸ்பிளின்ட் கட்டமுதல் பருத்திச் சொக்ஸ் போட்டுவிடுங்கோ. இந்த வெக்கைக்கு வேர்த்துத் தோல் உரிந்தால் பிறகு காலைத் தொடவே விடமாட்டான்.