விசாரணைக்குத் தகுதி உண்டு, தானே வாதாடத் தகுதி இல்லை: அமெரிக்கச் சட்டத்தில் இது எப்படி?

தீர்ப்புப்புழு:
அமெரிக்கக் குற்ற வழக்குகளைப் படிக்கும்போது ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறேன். மனநோய் உள்ள ஒருவரை, விசாரணையை எதிர்கொள்ளத் தகுதி இல்லை என்று மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். தேறி வந்ததும் தகுதி உண்டு என்கிறார்கள். ஆனால் அவரே "வக்கீல் வேண்டாம், நானே வாதாடுகிறேன்" என்றால் அதற்குத் தகுதி போதாது என்கிறார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு அளவுகோலா? இந்தக் கேள்வியை எழுப்புவது யார், எப்படி அளக்கிறார்கள்? மருந்தே வேண்டாம் என்று மறுத்தால்?

குறுக்குவிசாரணை:
முதலில் ஒன்றைப் பிரித்து வையுங்கள். குற்றம் நடந்த நேரத்தில் மனநிலை எப்படி இருந்தது என்பது தற்காப்பு வாதம். தகுதி என்பது இன்றைய நிலையைப் பற்றியது. அன்று முழுத் தெளிவோடு இருந்தவர் இன்று தகுதி இழந்திருக்கலாம். தலைகீழாகவும் நடக்கும்.

அடிப்படை அளவுகோல் 1960-இல் வந்த டஸ்கி தீர்ப்பு. மிகச் சிறிய தீர்ப்பு அது. நியாயமான அளவு பகுத்தறிவோடு வக்கீலிடம் கலந்து பேச முடிகிறதா, நடக்கும் வழக்கைத் தகவலாகவும் பகுத்தறிந்தும் புரிந்துகொள்கிறாரா என்று மட்டுமே கேட்கிறது. நோயின் பெயர் எதையும் முடிவு செய்வதில்லை. ஸ்கிட்சோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) உள்ளவர் தகுதியோடு இருக்கலாம்.

இந்தக் கேள்வியை எழுப்பிக் குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்பு, அரசுத் தரப்பு இரண்டுமே மனு போடலாம். நியாயமான சந்தேகம் எழுந்தால், யாரும் கேட்காவிட்டாலும் நீதிபதியே விசாரித்தாக வேண்டும் (பேட் எதிர் ராபின்சன், 1966). வழக்குத் தொடங்கியபோது மட்டும் பார்த்தால் போதாது. 1975-இன் ட்ரோப் வழக்கில், விசாரணையின் இரண்டாம் நாள் குற்றஞ்சாட்டப்பட்டவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். அவர் இல்லாமலே விசாரணையை நடத்தி முடித்துத் தண்டித்தார்கள். அந்தத் தண்டனை உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றத்தில் பரிசோதனைக்காக 30 நாள் வரை அடைத்து வைக்கலாம், தேவைப்பட்டால் இன்னும் 15 நாள். தகுதி இல்லை என்று முடிவானால் முதல் கட்டமாக அதிகபட்சம் 4 மாதம் மருத்துவமனை. அந்தக் காலம், தேற வாய்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான். மாநிலங்களில் கணக்கு வேறுபடும்.

மனக்கணக்கு:
அளக்கும் பக்கம் நான் சொல்கிறேன். நேர்காணல், பழைய மருத்துவப் பதிவுகள், சிறை ஊழியர் குறிப்புகள், வக்கீலிடம் பேசித் தெரிந்துகொள்வது என எல்லாம் சேர்ந்ததுதான் மதிப்பீடு. கூடவே மேக்காட்-சிஏ (MacCAT-CA) என்ற, தகுதியை அளக்கும் கேள்வித்தொகுப்பு போன்ற கருவிகள். அதில் 22 கேள்விகள்: புரிதலுக்கு 8, காரணம் யோசிப்பதற்கு 8, தன் சொந்த வழக்கோடு பொருத்திப் பார்ப்பதற்கு 6.

கோட்டை விடுவது அந்தக் கடைசி ஆறில்தான். "நீதிபதி என்ன செய்வார், ஜூரி என்ன செய்யும்" என்று கேட்டால் பிசகாமல் ஒப்பிப்பார். மருத்துவமனை வகுப்பில் அதைத்தானே தினமும் சொல்லிக் கொடுக்கிறார்கள்! "உங்கள் வக்கீல் யார் பக்கம்?" என்று கேட்டால், "அவர் என் மூளையில் கருவி வைத்தவர்களின் ஆள்" என்பார். தகவல் புரிதல் முழுசாக இருக்கிறது, பகுத்தறிவுப் புரிதல் சுத்தமாக இல்லை. மதிப்பெண்ணை மட்டும் எழுதி, இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்காட்டாத அறிக்கை குறுக்கு விசாரணையில் தாங்காது.

நடிப்பு இருக்கிறதா என்பதையும் தனியாகச் சோதிக்க வேண்டும். ஆனால் நடிக்கிறவருக்கு உண்மையான நோயும் இருக்கலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மேல்முறையீடு:
மருந்து விஷயத்துக்கு வருகிறேன். அடைத்து வைத்திருக்கும் இடத்தில் அவரால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால், அந்தக் காரணத்துக்காகவே மருந்து கொடுக்க முடியுமா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். தகுதி வரவழைக்க மட்டும் கட்டாயப்படுத்த வேண்டுமானால் செல் தீர்ப்பின் (2003) நான்கு நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும். வழக்கை நடத்துவதில் அரசுக்கு முக்கியமான அக்கறை இருக்க வேண்டும். மருந்தால் தகுதி திரும்பப் பெரிதும் வாய்ப்பு இருக்க வேண்டும், பக்கவிளைவு வக்கீலோடு பேசும் திறனைக் கெடுக்கவும் கூடாது. இதைவிடக் கடுமை குறைந்த வழி பலன் தராது என்று தெரிய வேண்டும். மருத்துவ ரீதியாகவும் அவருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையில்தான் சண்டை. 1992-இன் ரிகின்ஸ் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு விசாரணை நேரத்தில் தினமும் 800 மில்லிகிராம் மெல்லரில் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அளவில் ஆள் மந்தமாக உட்கார்ந்திருந்தால் ஜூரி அதை இரக்கமின்மை என்று எடுத்துக்கொள்ளும். மருந்துக்கு அவசியம் உண்டா என்று சரியாகப் பார்க்காமல் விட்டதால் அந்தத் தண்டனை ரத்தானது.

தேறவே மாட்டார் என்றால் காலவரையின்றி வைத்திருக்க முடியாது. ஜாக்சன் எதிர் இந்தியானாவில் (1972) இரண்டு திருட்டுகளும் சேர்ந்தே மொத்தம் 9 டாலர். காதும் பேச்சும் இல்லாத, அறிவுத்திறன் குறைந்த மனிதர். தகுதி வரும் என்ற எதிர்பார்ப்பே இல்லை. அப்படிப்பட்டவரை, குற்ற வழக்கு இல்லாதவர்களுக்கான சாதாரண சிவில் நடைமுறைப்படி மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் விடுவிக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

குறுக்குவிசாரணை:
உங்கள் முதல் கேள்வி பாக்கி. டஸ்கி அளவுகோல், பக்கத்தில் ஒரு வக்கீல் இருக்கிறார் என்ற அனுமானத்தில் எழுதப்பட்டது. அவரோடு பேசினால் போதும் என்பது வேறு. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது, ஆட்சேபம் எழுப்புவது, ஜூரியிடம் பேசுவது வேறு. 1993-இன் கொடினெஸ் தீர்ப்பு, வக்கீலை வேண்டாம் என்று சொல்வதற்குத் தனியாக உயர்ந்த தகுதி தேவையில்லை என்றது. ஆனால் அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் போனார், விசாரணை நடத்த அல்ல. எட்வர்ட்ஸ் தீர்ப்பு (2008) அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டது. கடும் மனநோயால் தானே வழக்கு நடத்த இயலாதவருக்கு மாநிலம் வக்கீலைக் கட்டாயமாக்கலாம். கவனியுங்கள், "கலாம்"தான். கட்டாயமாக்கியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை.

தீர்ப்புப்புழு:
அப்படி வக்கீலைத் திணித்துவிட்டால் அவருக்கு என்னதான் மிச்சம்?

குறுக்குவிசாரணை:
நிறையவே. குற்றத்தை ஒப்புக்கொள்வதா, ஜூரியைக் கைவிடுவதா, தானே சாட்சி சொல்வதா, மேல்முறையீடு போவதா என்ற நான்கும் கட்சிக்காரர் கையில்தான். எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது, எதை ஆட்சேபிப்பது என்பது வக்கீல் பொறுப்பு. 2018-இன் மெக்காய் தீர்ப்புக்குப் பிறகு, "நான் செய்யவில்லை" என்று கட்சிக்காரர் உறுதியாக நிற்கும்போது, மரண தண்டனையிலிருந்து காப்பாற்றும் நோக்கத்தில்கூட வக்கீல் ஜூரியிடம் குற்றத்தை ஒப்புக்கொள்ள முடியாது.