ஒரே மாத்திரையில் உயிர் போவது எப்படி? ஆம்ஃபெட்டமின் வகைப் போதைப்பொருள்கள் குறித்து ஓர் ஐயம்

கேள்வி: மருந்தியல் மாணவி

வணக்கம். 'எக்ஸ்டசி' என்ற பெயரில் விற்கப்படும் மாத்திரையை உட்கொண்டவர்களுள் பலர் தொல்லையின்றி வீடு திரும்ப, சிலர் மட்டும் அதே இரவில் இறந்துவிடுகிறார்கள். அளவு மிகுந்ததே காரணம் என்ற விளக்கம் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை; ஏனெனில் இறந்தவர்களின் இரத்தத்தில் காணப்பட்ட அளவு, பிழைத்தவர்களிடம் காணப்பட்ட அளவை விட எப்போதும் அதிகமாக இருப்பதில்லை. அப்படியானால் உண்மையில் கொல்வது எது?

மறுமொழி: தடயவியல் வேதியியலாளர்

முதலில், அந்த மாத்திரையில் இருந்தது எது என்று கேட்க வேண்டும். எக்ஸ்டசி என்றால் எம்.டி.எம்.ஏ. என்னும் ஆம்ஃபெட்டமின் வகைக் கிளர்ச்சிப் பொருள் என்றுதான் வாங்குபவர் நம்புகிறார். ஆனால் அதே வடிவத்திலும் அதே முத்திரையுடனும் பி.எம்.ஏ., பி.எம்.எம்.ஏ. என்னும் அதே வகையைச் சேர்ந்த வேறு பொருள்களும் விற்கப்பட்டிருக்கின்றன. 1973இல் கனடாவிலும், 1990களின் நடுப்பகுதியில் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் பி.எம்.ஏ. பல உயிர்களைப் பறித்தது. 2010–11இல் நார்வேயில் பி.எம்.எம்.ஏ. அதையே செய்தது.

இவற்றின் சூழ்ச்சி மெதுவாக வேலை செய்வதில் இருக்கிறது. எதிர்பார்த்த கிளர்ச்சி வராததால் மாத்திரை வீரியமற்றது என்று நினைத்து இன்னொன்றை விழுங்குகிறார்கள். பி.எம்.ஏ. நரம்புச் செய்திகளைக் கடத்தும் செரோட்டோனினை நரம்பணுக்களிலிருந்து பெருமளவில் வெளியேற்றுவதோடு, அதைச் சிதைக்கும் மோனோஅமீன் ஆக்சிடேஸ்-ஏ என்னும் நொதியையும் தடுத்துவிடுகிறது. குழாயைத் திறந்துவிட்டு வடிகாலை அடைத்தது போலத்தான்.

மறுமொழி: அவசரப் பிரிவு மருத்துவர்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தூய எம்.டி.எம்.ஏ.வும் கொல்லும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கொல்வது உடல் வெப்பம். தாடை இறுகி, தோல் கொதித்து, பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பிடித்தால் கணுக்கால் தானாகவே துடித்துக்கொண்டிருக்கும் நிலையில் நோயாளி வருவார். வெப்பமானி 41 பாகை செல்சியஸைத் தாண்டியிருக்கும். அந்த வெப்பத்தில் தசை நார்கள் சிதைந்து, அவற்றிலிருந்து கசியும் மயோகுளோபின் என்னும் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது, சிறுநீர் கரும்பழுப்பாகிறது, பொட்டாசியம் உயர்ந்து இதயத்துடிப்பு தடுமாறுகிறது, இரத்தம் உறையும் ஆற்றலே குலைந்து ஊசி குத்திய இடங்களில் எல்லாம் குருதி கசியத் தொடங்குகிறது.

காய்ச்சல் மாத்திரை இங்கே பயன்படாது. மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு அளவு உயர்ந்ததால் வந்த காய்ச்சல் அல்ல இது. ஓயாமல் இறுகும் தசைகளே வெப்பத்தை உண்டாக்குகின்றன. எனவே பென்சோடையாசெபைன் மருந்தால் அமைதிப்படுத்தி, பனிக்கட்டி நீரால் குளிர்வித்து, அதற்கும் அடங்காவிட்டால் தசைகளைத் தளர்த்திச் செயற்கைச் சுவாசம் கொடுக்கிறோம். திமிறுபவரைக் கட்டிவைப்பது (பதற்றத்தில் பலர் இதைத்தான் செய்கிறார்கள்) வெப்பத்தை மேலும் ஏற்றும்.

மாணவி

நன்றி ஐயா. அப்படியென்றால் நிறையத் தண்ணீர் குடிப்பது பாதுகாப்பாகுமா?

அவசரப் பிரிவு மருத்துவர்

ஆகாது, அதுவே இன்னொரு வழியில் உயிரைப் பறிக்கக்கூடும். எம்.டி.எம்.ஏ. வாசோபிரசின் என்னும் ஹார்மோனின் சுரப்பைத் தூண்டுவதால் சிறுநீரகம் நீரை வெளியேற்றாமல் தேக்கிவைக்கிறது. அந்நிலையில் லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் சரிந்து மூளை வீங்கும்; தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று முற்றும். இது பெண்களிடம் அதிகமாகக் காணப்படுகிறது. இத்தகையவருக்கு உடல் சூடு இயல்பாகவே இருக்கலாம் என்பதால் போதை மயக்கம் என்று உறங்க விட்டுவிடுகிறார்கள்.

மறுமொழி: மருந்தாளுநர்

நீங்கள் கேட்ட 'ஒரே அளவு, வேறு விளைவு' என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எம்.டி.எம்.ஏ. தன்னைச் சிதைக்கும் கல்லீரல் நொதியான சி.ஒய்.பி.2டி6ஐத் தானே முடக்குகிறது; ஆகவே இரண்டாவது மாத்திரை இரத்த அளவை இரட்டிப்பையும் தாண்டி உயர்த்தலாம். மனச்சோர்வுக்கான மோக்ளோபிமைடு, எச்.ஐ.வி. சிகிச்சைக்கான ரிட்டோனாவிர் ஆகியவற்றுடன் சேர்ந்தபோதும் மரணங்கள் பதிவாகியுள்ளன. இதற்கென முறிமருந்து எதுவும் இல்லை. உடன் வந்தவர்கள் வழக்குக்கு அஞ்சி மறைக்காமல், என்ன, எப்போது, எத்தனை, வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள் எவை என்று சொல்லிவிட்டால், டிராமடால் என்னும் வலிநிவாரணி போன்று செரோட்டோனின் நச்சுநிலையை (உடலில் செரோட்டோனின் செயல்பாடு அளவுமீறுவதை) மோசமாக்கும் மருந்துகளையாவது மருத்துவர் தவிர்க்க முடியும்.