இந்துப்பும் கடலுப்பே

உப்புவெளியான்:
இந்துப்புக்கும் கடலுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்றும், திருகோணமலையை அடுத்த நிலாவெளியின் கடலுப்பை உண்பவர்கள் கடலழுக்கை உண்கிறார்கள் என்றும் மனையாவெளி மகள் நேற்று இங்கே எழுதியதைப் படித்துக் கொதித்துப்போனேன். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் உள்ள கேவ்ரா சுரங்கத்தில் வெட்டப்படும் பாறையுப்பான இந்துப்பு, 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வற்றிய கடலின் படிவு. இந்துப்பும் கடலுப்பே.

மனையாவெளி மகள்:
என்றோ வற்றிய கடலைக் காட்டி இன்றைய சுரங்கத்தைக் கடலாக்க முடியாது, ஐயா. கனடாவின் கொடரிச்சில் ஹூரன் ஏரிக்கு அடியிலிருந்து உப்பை வெட்டி எடுக்கிறார்கள். வேறு பல இடங்களில் நிலத்தடிப் படிவுக்குள் நீரைச் செலுத்திக் கரைத்து, அந்த உவர்நீரை மேலே இறைத்து, குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி உப்பெடுக்கிறார்கள். இவற்றில் கடல் எங்கே இருக்கிறது?

உப்புவெளியான்:
அந்தப் படிவு எங்கிருந்து வந்தது என்பதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. என் தந்தையார் நிலாவெளி அளத்தில் இருபது ஆண்டுகள் உப்பு வாரியவர். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வற்றவிடும்போது முதலில் சுண்ணமும், பிறகு ஜிப்சமும் படியும்; நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் 25 பாகையைத் தாண்டிய பின்னரே கறியுப்பு விளையும்; 30 பாகையை எட்டுவதற்குள் மக்னீசியம் மிகுந்த கசப்புநீரை வெளியே திறந்துவிட வேண்டும், பிந்தினால் உப்பே கசந்துவிடும். பாறையுப்புப் படிவுகளை அடுத்து ஜிப்சம் கிடப்பதும் இதே வரிசையில் கடல் வற்றியதால்தான். அழுக்கு என்று எழுதியவர் ஒருநாளாவது அளத்தில் கால் வைத்தாரா?

மூதூரான்:
பொலிவியாவின் உயுனி உப்புவெளி கடல்மட்டத்துக்கு மேலே 3,600 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில், ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீற்றர் பரந்து கிடக்கிறது. அது பழைய ஏரிகள் வற்றி உண்டானது. அதையும் கடலுப்பு என்பீர்களா? நிலாவெளியைப் புகழும் நீங்கள் ஆனையிறவு உப்பளத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சென்ற முறை கருவாட்டைப் பற்றிப் பேசியபோதும் உங்கள் ஊரைத் தாண்டி நீங்கள் வரவில்லை. அதை நான் மறக்கவில்லை.

உப்புவெளியான்:
நான் இந்துப்பைப் பற்றிப் பேசுகிறேன், உயுனியைப் பற்றி அல்ல. 1990இல் போரால் நின்றுபோன ஆனையிறவு உப்பளத்தின் மீது எனக்கு உங்களைவிடக் குறைந்த மதிப்பு இல்லை. ஊர்ப்பெயரிலேயே உப்பைச் சுமப்பவன் தன் அளத்தைப் பற்றிப் பேசினால் உங்களுக்கு ஏன் வலிக்கிறது?

மனையாவெளி மகள்:
2025இல் மழை மிகுந்து அளங்கள் விளையாமல், இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்தோமே, அப்போது அந்தப் பெருமை எங்கே போயிற்று? சுரங்கத்து உப்பு மழைக்குக் கரைவதில்லை. இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

உப்புவெளியான்:
மழை பெய்ததால் கேவ்ராவின் பிறப்பு மாறிவிடாது. அயடீன் சேராத இந்துப்பை உயர்ந்தது என்று வீட்டுக்கு வீடு பரப்பியதும் நீங்கள்தான். அதைப் பற்றித் தனியாகக் கேட்பேன். இந்துப்பும் கடலுப்பே.

மூதூரான்:
உயுனிக்கு இன்னும் பதில் வரவில்லை.