மறு: லேசர் 'லேயர்' – பந்தியை வாபஸ் வாங்குகிறேன், 'ஈடு' எப்படி?

வணக்கம். லேசர் மிஷின் மென்பொருளில் வரும் 'லேயர்' முதலான ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோமே, அதில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> படம் வரையும் மென்பொருள்களில் 'அடுக்கு' ஏற்கனவே நிலைத்துவிட்டது. லேசருக்கும் அதையே வைப்போம். பொறிப்பு அடுக்கு, வெட்டு அடுக்கு என்று பிரித்தால் போதும்.

இரண்டு நாளாக இதற்குப் பதில் எழுத நினைத்து, கடையில் ஷீல்டு வேலை குவிந்து கிடந்ததால் முடியவில்லை. எனக்கு இதில் 'அடுக்கு' மேலும் சண்டை, 'வெட்டு' மேலும் சண்டை. முதலில் வெட்டை முடித்துவிடுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு: வேலூரில் சின்ன லேசர் கடை, 60 வாட் கார்பன் டை ஆக்சைடு குழாய் போட்ட ஒரே ஒரு மிஷின். டாக்டர் பெயர்ப்பலகை, கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் மாடல், சாவிக்கொத்து, இதுதான் பிழைப்பு. எங்கள் நைனா லாங் பஜார் பக்கம் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பேர் வெட்டியவர். எவர்சில்வர் குடத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டு சின்ன உளியும் சுத்தியுமாகப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவார். "பேர் வெட்டணும்" என்றுதான் ஜனங்கள் வருவார்கள், குடத்தை இரண்டாக்கச் சொல்கிறார்கள் என்று யாரும் நினைத்ததில்லை. கல்வெட்டும் அப்படித்தான், வெட்டிய பிறகும் கல் முழுசாக நிற்கிறது. ஆனால் அதே வாயால் மரம் வெட்டு, வாழைத்தார் வெட்டு என்றும் சொல்கிறோம். உளிக் காலத்தில் இதனால் ஒரு நஷ்டமும் இல்லை, ஏனென்றால் குடத்தில் பேர் போடுகிற உளியை எடுத்துக்கொண்டு யாரும் மரம் வெட்டப் போகவில்லை. ஒரே கதிர், ஒரே ஓட்டத்தில் இரண்டு வேலையும் பார்க்கிறது என்று ஆனபிறகுதான் வம்பு.

போன வருஷம் ஒரு ஆண்டு விழாவுக்கு 40 சாவிக்கொத்து ஆர்டர், 3 மி.மீ. அக்ரிலிக்கில் தமிழில் பேர் போட்டு. நான் வெளியே இருந்தேன், புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் போனில் "மொதல்ல பேரை வெட்டு, அப்புறம் ஓரத்தை வெட்டு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவன் சொன்னதை அப்படியே செய்தான். மென்பொருளில் எழுத்துக்கும் சிவப்பு நிறம், ஓரத்துக்கும் சிவப்பு நிறம் கொடுத்துவிட்டான், அதனால் ரெண்டுக்கும் ஒரே பவர். நான் வந்து மூடியைத் திறந்தபோது சாவிக்கொத்து ஒவ்வொன்றிலும் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வடிவில் ஓட்டை. ஷீட்டை வைக்கும் தேன்கூட்டுத் தட்டுக்கு அடியில் இருக்கும் டிரேயை இழுத்தால் லகரத்தின் சுழி, னகரத்தின் சுழி எல்லாம் தனித்தனியாக விழுந்து, சிந்திய மிளகு மாதிரி கிடக்கிறது. திட்ட வாயெடுத்தேன். "நீங்க வெட்டுன்னுதானேண்ணா சொன்னீங்க" என்றான். சொன்னேன்தான்.

அதனால் எங்கள் கடையில் வெட்டு என்ற சொல்லையே எடுத்தாயிற்று. மூன்று சொல் வைத்திருக்கிறோம், நீங்களும் யோசித்துப் பாருங்கள். மேலாக எரித்துப் பரப்பை நிரப்புவது பொறிப்பு. லேசான பவரில் கோடு மட்டும் போடுவது கீறல், அட்டையில் மடிப்புக்கோடு போட இதுதான். கதிர் மறுபக்கம் வரை போய், துண்டாக விழுந்தால் அறுப்பு. பொறிப்புக்கு 'செதுக்கல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள், அதற்குப் பெயர் செதுக்கல். நாங்கள் அக்ரிலிக்கில் எடுப்பது மயிரிழை ஆழம், அதற்கு அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்று, பொறிக்கும்போது லேசர் தலை இப்படியும் அப்படியும் வரிவரியாக ஓடுவதை 'ஸ்கேன்' என்கிறார்கள். ஏர் ஓட்டுகிறவர் ஒரு சால் போய் வரப்போரம் திரும்பி அடுத்த சால் வருவாரே, அதே ஓட்டம். வரிக்கு 'சால்' என்று வைத்தால் 'லைன் இன்டர்வல்' சாலிடைவெளி ஆகிவிடும். நான் 0.1 மி.மீ. வைக்கிறேன். இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன், இருந்தால் சொல்லுங்கள்.

சரி, அடுக்கு.

படம் வரையும் மென்பொருளில் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கிறது, மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கிறது, அங்கே அடுக்கு பொருத்தம். லேசர் மென்பொருளில் எதுவும் எதன்மேலும் கிடக்கவில்லை. லைட்பர்ன் என்ற லேசர் மென்பொருளில் ஒரு வடிவத்துக்குச் சிவப்பு கொடுத்தால் அது பொருளில் சிவப்பாகத் தெரியப்போவதில்லை, சிவப்புக்கு என்ன வேகம், என்ன பவர், நிரப்பா கோடா என்று வைத்திருக்கிறோமோ அந்த வேலை அதற்கு நடக்கும், அவ்வளவுதான். பட்டியலில் மேலே இருக்கும் நிறம் முதலில் ஓடும், கீழே இருப்பது பிறகு ஓடும். ஆக அங்கே மேல் கீழ் என்பது முன் பின். இதை அடுக்கு என்று சொல்லிக்கொடுத்தால் பையன்கள் மேலே இருப்பது மேலே இருக்கும் என்று நினைக்கிறார்கள். போதாக்குறைக்கு இரட்டை நிற பிளாஸ்டிக் ஷீட் என்று ஒன்று வருகிறது, மேலே மெல்லிசாக ஒரு நிறம், அடியில் வேறு நிறம், மேல்தோலைப் பொறித்து எடுத்தால் எழுத்து அடிநிறத்தில் தெரியும். அங்கே நிஜமாகவே அடுக்கு இருக்கிறது. "மேல் அடுக்கைப் பொறி" என்றால் ஷீட்டையா, பட்டியலையா?

இதனால்தான் போன மடலில் 'பந்தி' என்று எழுதினேன். ஒரு பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரே சாப்பாடு, அது எழுந்தால்தான் அடுத்த பந்தி.

> எங்களுக்குப் பந்தி என்றால் கட்டுரையில் வருவது, நீங்கள் பத்தி என்பீர்களே, அது.

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன இதைக்கூட இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்று சமாளித்திருப்பேன். ஆனால் பந்தி என்றாலே யாரை எங்கே உட்காரவைத்தார்கள் என்பதுதான் தனக்கு ஞாபகம் வருகிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். எங்கள் வடாற்காட்டிலும் அது நடந்ததுதான், அதோடு வாதாட எனக்கு மனமில்லை. பந்தியை வாபஸ் வாங்குகிறேன்.

அதற்குப் பதில் கிடைத்தது சமையலறையில். ஞாயிற்றுக்கிழமை காலை, "மொத ஈடு வெந்துடுச்சு, சாப்பிடறவங்க வாங்க" என்று வீட்டில் குரல் வந்தது. ஈடு! ஒரு தடவைக்குக் கொப்பரையில் ஏற்றும் இட்லி மொத்தமும் ஒரு ஈடு. அத்தனைக்கும் ஒரே தீ, ஒரே நேரம், முதல் ஈடு இறங்கினால்தான் அடுத்த ஈடு ஏறும். லேசரில் பவரும் வேகமும் வேறென்ன, தீயும் நேரமும்தானே. பொறிப்பு ஈடு, கீறல் ஈடு, அறுப்பு ஈடு என்று கடையில் ஒரு வாரம் பேசிப் பார்த்தேன், தம்பிக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மிஷினுக்குப் போகாமல் அளவுக்காக மட்டும் வைத்துக்கொள்ளும் டி1, டி2 என்ற லேயர்களை 'வெற்று ஈடு' என்கிறான், அது அவனே வைத்தது.

ஈடு என்றால் அடமானம், நஷ்ட ஈடு என்று பொருள் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், இட்லி ஈட்டைக் கேட்டு யாரும் பத்திரம் எடுத்துக்கொண்டு வருவதில்லை.

இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது வரிசை உள்ளேயே இருப்பது. அறுப்பு ஏன் கடைசி ஈடாக இருக்கவேண்டும் என்பதைத்தான் கற்றுக்கொடுக்க அதிகம் கஷ்டப்படுகிறோம். ஓரத்தை முதலில் அறுத்துவிட்டால் துண்டு தட்டில் கொஞ்சம் சாயும், இல்லையென்றால் காற்று தள்ளி அரை மில்லி நகரும். அதற்கப்புறம் பொறித்தால் குவியமும் (ஃபோகஸ்) போச்சு, பேர் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அறுப்பிலும் வளையம் மாட்டுகிற ஓட்டை முன்னால், வெளி ஓரம் பின்னால். என் மிஷினில் பொறிப்பு ஈடு வினாடிக்கு 300 மி.மீ. வேகம், 16 சதவீதம் பவர். அறுப்பு ஈடு வினாடிக்கு 12 மி.மீ., 65 சதவீதம். உங்கள் குழாய்க்கு இது மாறும், முதலில் கழிவுத் துண்டில் பாருங்கள். பட்டியலில் வரிசை சரியாக வைத்தும் மிஷின் முன்பின்னாக ஓடுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார், லைட்பர்னின் ஆப்டிமைசேஷன் பக்கத்தில் லேயர்படி ஓடு என்ற தேர்வு இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் வழியை மிச்சம் பிடிக்க அதுவாக வரிசையை மாற்றிக்கொள்ளும்.

ஒரே கோட்டின்மேல் கதிர் ஒரு தடவை ஓடுவது 'பாஸ்', அதற்கு 'முறை' என்று இருவர் எழுதியிருந்தீர்கள். முறை என்றால் செய்முறையும் ஆகும், தடவையும் ஆகும். மணல் லாரிக்காரர்கள் மாதிரி 'நடை' என்று வைக்கலாமா? "6 மி.மீ. ஷீட், அறுப்பு ஈடு, ரெண்டு நடை." எனக்குக் காதில் நன்றாக விழுகிறது.

'கெர்ஃப்' மட்டும் சொல் கிடைக்காமல் நிற்கிறது. கதிர் போன இடத்தில் காணாமல் போகும் அகலம், என் 3 மி.மீ. அக்ரிலிக்கில் ஏறக்குறைய 0.15 மி.மீ. வருகிறது, பெட்டி மூலைகள் இறுக்கமாகச் சேரவேண்டுமென்றால் அதைக் கணக்கில் எடுத்தே தீரவேண்டும். பக்கத்துக் கடை ஆசாரியிடம் ரம்பம் போன அகலத்துக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "ரம்பம் தின்னதுன்னு சொல்வோம், வேற என்ன" என்றார். 'தின்னல்' என்று எழுதினால் சிரிப்பீர்களா?