புதுப்பிப்பு: அப்பாவின் ரத்த ரிப்போர்ட்டும் அந்தப் பத்தும்

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கிளினிக்கில் அப்பாவுக்கு இன்ஃபுளுவென்சா ஏ (ஃப்ளூ காய்ச்சல்) என்றார்கள். ரத்த ரிப்போர்ட்டில், வெள்ளையணுக்களில் இரண்டு வகையான நியூட்ரோபில் 6.0, லிம்போசைட் 0.6. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 10. நல்ல உடம்பில் இது பெரும்பாலும் 1 முதல் 3 வரைதான். 2020-ல் கோவிட் முற்றியவர்களுக்கு லிம்போசைட் சரிந்தது நினைவுக்கு வந்து, அன்றிரவு தூக்கமே போச்சு.

இப்போது அப்பா வீட்டில்தான். தே தாரிக்கில் சீனி போதவில்லை என்று அம்மாவோடு சண்டை.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கேட்டது: "இழுப்புக்கு ஏதும் மாத்திரை போட்டீங்களா அங்கிள்?" போட்டிருக்கிறார்! அலமாரியில் மிச்சமிருந்த பிரெட்னிசோலோன், ரத்தம் எடுப்பதற்கு முதல் நாள், யாரிடமும் சொல்லாமல். அது ஸ்டீராய்டு. ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிடக்கும் நியூட்ரோபில்களை ஓட்டத்தில் இறக்கிவிடும், லிம்போசைட்டைக் குறைக்கும். விகிதம் தானாக ஏறும். அந்தப் பத்தில் கிருமியின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

அதனால் டாக்டரம்மா அந்த எண்ணை மட்டும் நம்பவில்லை. மூச்சு எண்ணினார், ஆக்சிஜன் பார்த்தார் (96%), வயது 71 என்பதால் ஃப்ளூ கிருமிக்கான ஒசெல்டமிவிர் மருந்து கொடுத்தார். டெங்கியாகவும் இருக்குமோ என்று பிளேட்லெட்டையும் பார்த்தார். நம்மூரில் பார்க்காமல் விடுவார்களா?

நேற்று மறுபடி எடுத்தோம்: 4.2, 1.2. விகிதம் 3.5. இருமல் இன்னும் இருக்கிறது. மாத்திரை டப்பா இப்போது என் அறையில்.